பம்பாயில் இருக்கும் புருஷனும் சில காலி வீடுகளும்

வீட்டு புரோக்கர் தொழிலுக்கு மூலதனம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பும், வெயிலில் கறுக்கத் தயாரான முகமும்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு எண்பதுகளின் நடுவில் நான் தாம்பரத்தில் இந்தத் தொழிலில் இறங்கினேன். கட்டிய புருஷன் வேலை விஷயமாகத் திருச்சிக்குப் போனவர், போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். எனக்குத் தையல் வராது, டைப்ரைட்டிங் தெரியாது. எந்தத் தெருவில் யார் வீடு காலியாகிறது என்பது மட்டும் எப்படியோ எனக்கு முதலில் தெரிந்துவிடும். சேலையூர், சிட்லபாக்கம், பம்மல், பெருங்களத்தூர் என்று வயலும் தோப்பும் மனைகளாகிக்கொண்டிருந்த காலம் அது. சுவர் காய்வதற்குள் ‘டு லெட்’ பலகை தொங்கும்.

வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சொந்த வீட்டுக்காரர்களும் படிக்கலாம், ஆனால் சில இடங்களில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வற்றாத கிணறு

வீட்டுக்காரர்கள் நேராகச் சாதி கேட்க மாட்டார்கள். அது மரியாதை இல்லையாம். “சொந்த ஊர் எது?” என்பார்கள். ஊரைச் சொன்னால், “அங்க எந்தப் பக்கம்?” என்பார்கள். அதற்கும் பிடி கிடைக்காவிட்டால், “ஊருக்குள்ளயா, காலனியிலயா?” கிராமத்தில் காலனி என்றால் யாரை ஒதுக்கி வைத்திருக்கும் இடம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கேள்விகளை வீட்டுக்காரர் வாயால் கேட்கும்படி விடுகிறவர் நல்ல புரோக்கர் இல்லை. முன்னாலேயே நைசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ‘பொருந்துகிற’ ஆட்களை மட்டும் கூட்டிப் போவதுதான் தொழில் சுத்தம். நானும் அந்தச் சுத்தத்தைக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொள்வதற்கு முன்னால், சிட்லபாக்கத்தில் ரிட்டயர்டு ஆபீசர் ஒருவர் வீட்டுக்கு ஒரு பேங்க் ஊழியரை மனைவி, கைக்குழந்தையோடு அழைத்துப் போனேன். ஆபீசர் உற்சாகமாகக் கொல்லைக்குக் கூட்டிப் போய்க் கிணற்றைக் காட்டினார். “மே மாசத்துல கூட வத்தாது சார். இந்தத் தெருவே இங்கதான் வந்து எடுக்கும்.” திரும்பி வந்து ஹாலில் உட்கார்ந்ததும் ஊர், பக்கம், காலனி எல்லாம் கேட்டாயிற்று. பேங்க்காரர் எதையும் மறைக்கவில்லை. ஆபீசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். “வீடு உங்களுக்குப் பிடிச்சிருக்கு, சரி. ஆனா இங்க தண்ணிக் கஷ்டம் ஜாஸ்தி. கைக்குழந்தைய வெச்சிக்கிட்டு சிரமப்படுவீங்க” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் சாதிக்கு அந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. தெருவுக்கு வந்ததும் பேங்க்காரர் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு சொன்னார்: “அடுத்த வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கேட்டுடுங்கம்மா, எங்களுக்கு அங்க தண்ணி வருமான்னு.”

சுத்த சைவம்

பல்லாவரத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய் ஒருவருக்குப் பம்மலில் ஒரு வீடு காட்டப் போனேன். வீட்டுக்காரர் கேட்டிலேயே நிறுத்திவிட்டார். “தப்பா நெனைக்காதீங்க பாய். நாங்க சுத்த சைவம். கவுச்சி வாடை பட்டாலே வீட்டம்மாவுக்குத் தலைவலி வந்துடும்.” தப்பாக நினைக்காதீர்கள் என்று ஆரம்பிக்கிற எந்தப் பேச்சையும் தப்பாக நினைப்பதுதான் சரி என்பது என் அனுபவம். அவர் சொல்லி வாய் மூடவில்லை, உள்ளேயிருந்து கருவாடு வறுபடும் வாசனை புறப்பட்டு வந்து எங்கள் மூன்று பேர் மூக்கிலும் ஏறியது. வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டே பின்னால் கையை நீட்டிக் கதவைச் சாத்தினார். பாய் தெருமுனை வரைக்கும் பொறுத்திருந்து வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வராததைப் பார்த்துச் சொன்னார்: “வுடும்மா. கருவாடு சைவம்னா நானும் பரம்பரை சைவம்தான்.”

நாக்கில் இருக்கும் புருஷன்

ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுத்த எனக்கே வீடு கிடைக்கவில்லை என்றால் நம்புவீர்களா? அண்ணன் வீட்டில் அண்ணியின் முகம் சுருங்க ஆரம்பித்ததும் தனியாக ஒரு போர்ஷன் தேடினேன். “வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கிறார்?” என்பதுதான் எல்லா வாசலிலும் முதல் கேள்வி. விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று சொன்னால் அந்த வீட்டு அம்மாள் உடனே தன் புருஷன் எங்கே இருக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பாள். அவர் பாவம், லுங்கியோடு பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவரை நான் கொத்திக்கொண்டு போய்விடுவேனாம்! விட்டுப் போனவருக்கு ஒரு சொட்டு வெட்கம் இல்லை. விடப்பட்ட எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசும். போதாக்குறைக்கு என் தொழிலுக்கு ‘புரோக்கர்’ என்று பேர். ஆண் சொன்னால் அது வெறும் தொழில். பொம்பளை சொன்னால் கேட்கிறவர்கள் ஒரு மாதிரி சிரிப்பார்கள்.

ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் எங்கள் தொழில்காரர்கள் காலையில் கூடுவார்கள். அதில் மாணிக்கம் அண்ணன் மூத்தவர், என்னைத் தங்கச்சி மாதிரி நடத்தியவர். என் அழுகையைக் கேட்டுவிட்டு டீயை ஆற்றிக்கொண்டே வழி சொன்னார்: “கய்த்துல தாலி கீது, நாக்குல புருசன் பேரு கீது. அப்பால இன்னாத்துக்கு ஆளு? பம்பாய்ல கீறாருன்னு சொல்லிட்டுப் போயிகினே இரு.”

கொடியில் ஒரு சட்டை

சொன்னேன், வீடு கிடைத்தது. இரும்புலியூரில், ஒரே காம்பவுண்டில் நாலு போர்ஷன், நடுவில் ஓர் அடிபம்பு. வீட்டுக்கார அம்மாள் பேர் பார்வதி. பம்பாய்ப் புருஷனுக்கு ஓர் அடையாளம் வேண்டுமே என்று மார்க்கெட் பிளாட்பாரத்தில் நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று வாங்கினேன். வாரம் ஒரு தடவை அதைத் துவைத்து எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி கொடியில் போடுவேன். தீபாவளிக்கு அவருக்கு லீவு கிடைக்காது. பொங்கலுக்கு ரயிலில் டிக்கெட் கிடைக்காது. நானே நம்பிவிடுகிற அளவுக்கு நன்றாகச் சொல்வேன்.

பிறகு இதையே என்னிடம் வந்த மற்றப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன். விதவை, புருஷனை விட்டு வந்தவள், கல்யாணமே வேண்டாம் என்று இருக்கிறவள் எல்லோருக்கும் நான் ஒரு புருஷனைக் கற்பனையில் உண்டாக்கி வெளியூருக்கு அனுப்பி வைத்தேன். ஒருத்திக்குத் துபாய், ஒருத்திக்குப் பிலாய் இரும்பு ஆலை. இதைப் பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குடிகாரப் புருஷனிடமிருந்து தப்பி வந்த ஒரு ஸ்கூல் டீச்சருக்குச் சேலையூரில் அப்படி வீடு பிடித்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து எப்படி இருக்கிறாள் என்று பார்க்கப் போனபோது, கொடியில் தொங்கிய சட்டையைக் காட்டி, சிரிக்காமல் சொன்னாள்: “அக்கா, இவரு ரொம்பத் தங்கமானவரு. குடிக்கிறதும் இல்ல, அடிக்கிறதும் இல்ல.”

துவைக்க மறுத்தவள்

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் எஸ்தர் வந்தாள். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம். லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தாள். அவளுக்கு ஜாய்ஸ் என்று ஏழு வயதில் ஒரு பெண். அது அப்பன் வீட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. ஹாஸ்டலில் குழந்தைகளைச் சேர்க்க மாட்டார்கள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு வீடு பிடித்துக் காட்டினால் பெண்ணை அனுப்புகிறோம், இல்லாவிட்டால் அது இங்கேயேதான் என்று அவள் புருஷன் வீட்டார் சொல்லிவிட்டார்கள். இங்கேயே என்றால், குடித்துவிட்டு அடிக்கிற அந்த அப்பனோடு.

“ஊர் எதுன்னு கேப்பாங்க. காலனின்னு சொல்லிடுங்கக்கா” என்றாள். “புருஷன் எங்கன்னு கேப்பாங்க. விட்டுட்டேன்னு சொல்லுங்க. அவன் என்னை விட்டுட்டான்னு சொல்லாதீங்க, நான்தான் அவனை விட்டேன்.” இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை ஒரு பெண் வாயால் நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. யாராவது கேட்டுவிடப் போகிறார்களே என்று சுற்றிலும் பார்த்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி என் சட்டை வைத்தியத்தைச் சொன்னேன். எஸ்தர் பொறுமையாகக் கேட்டாள். “இருக்கிறவன் சட்டையே இனிமே துவைக்கிறதில்லன்னு வந்தவ நான். இல்லாதவன் சட்டைய எதுக்குக்கா துவைக்கணும்?”

ஊசி மட்டும்

கோவிலம்பாக்கத்தில் புதுசாகக் கட்டிய வீடு. சுற்றிலும் முள்ளுக்காடு, பஸ் இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டும், யாரும் குடி வராமல் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. சொந்தக்காரருடைய அம்மா சர்க்கரை வியாதிக்காரி. வருகிறவள் நர்ஸ் என்றதும் மனிதர் முகம் மலர்ந்தது. உள்ளே கூப்பிட்டு, காப்பி கொடுத்து, அம்மாவின் மருந்துச் சீட்டை எல்லாம் எடுத்துக் காட்டினார். எஸ்தர் பாட்டியின் காலைத் தொட்டுப் பார்த்து, புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு ஊரைக் கேட்க ஞாபகம் வந்தது. அவள் தயங்காமல் சொன்னாள், புருஷனைப் பற்றியும் சேர்த்துச் சொன்னாள். அவர் எங்கள் காப்பி டம்ளர்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்தர் எழுந்துவிட்டாள். பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்து, ரொம்பப் பணிவாக, எந்தக் கூச்சமும் இல்லாமல் கேட்டார்: “வீடு வேற ஒருத்தருக்குச் சொல்லிட்டோம். ஆனா அம்மாவுக்கு ஊசி மட்டும் அப்பப்ப வந்து போட்டுட்டுப் போறீங்களா சிஸ்டர்?”

விமானச் சத்தத்துக்கு நடுவே

இப்படியே வீடு வீடாகத் தட்டிப் போனதில் மே மாதம் பிறந்துவிட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பொழிச்சலூரில் ஒரு வீட்டுக்கு எஸ்தர் வருவதற்கு முன்னால் நான் மட்டும் போய்ப் பொய் சொன்னேன். புருஷன் துபாயில் எலெக்ட்ரீஷியன், நல்ல குடும்பம், பெரிய இடத்து மனிதர்கள் என்றேன். ‘பெரிய இடம்’ என்றால் என்ன சாதி என்று அவர்களாகவே ஒன்றை வைத்துக்கொண்டார்கள், நான் மறுக்கவில்லை. மறுநாள் எஸ்தர் வந்தாள். வீடு காற்றோட்டமாக இருந்தது, பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில். ஜாய்ஸுக்குக் கட்டில் எங்கே போடலாம் என்று அவள் கையால் அளந்துகூடப் பார்த்தாள். அப்போது வீட்டுக்கார அம்மாள் ஆசையாகக் கேட்டாள்: “துபாயிலேர்ந்து அவரு எப்ப வருவாரு?”

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன். அந்த நேரம் பார்த்து தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கியது. மீனம்பாக்கத்துக்குப் பக்கம் அல்லவா, விமானம் போகிற வரைக்கும் அங்கே யாரும் பேச முடியாது. அந்தச் சத்தத்தோடு இந்தப் பேச்சும் போய்விடட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன். எஸ்தர் சத்தம் முழுக்க அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு நிதானமாக, துபாயில் யாரும் இல்லை என்றும், தான் யார் என்றும் சொன்னாள். அந்த அம்மாள் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதுவதற்கில்லை.

பஸ் ஸ்டாப்பில் நான் வெடித்தேன். “உன் பொண்ணுக்காகத்தானே சொன்னேன்! வாயை மூடிக்கிட்டு இருந்தா வீடு கிடைச்சிருக்குமே!” என்று கத்தினேன். கோபத்தில், அதுவரை கூப்பிட்ட ‘சிஸ்டர்’ போய் ‘நீ’ ஆகிவிட்டது. எஸ்தருக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை. “பொய் சொல்லி வாங்கின வீட்டுல என் பொண்ணு தினம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்க்கா. ஆனா நீங்க எனக்காகச் சொல்லல. நான் உண்மை சொன்னா உங்களுக்கு வெக்கமா இருக்கு, அதான் சொன்னீங்க.”

பக்கத்துப் போர்ஷன்

அவள் சொன்னது பொய் இல்லை. உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. நான் குடியிருந்த காம்பவுண்டில், என் சுவரை ஒட்டிய போர்ஷன் பங்குனியிலிருந்தே காலி. எஸ்தரைக் கோவிலம்பாக்கத்து முள்ளுக்காடு வரைக்கும் நடத்திக் கூட்டிப் போன நான் அதை மட்டும் அவளுக்குக் காட்டவில்லை. இப்படி உண்மை பேசுகிறவள் பக்கத்தில் வந்தால் என் பம்பாய்ப் புருஷன் ஒரு வாரம் தாங்க மாட்டார் என்ற பயம். ஒரு குழந்தையைவிட எனக்கு அந்தச் சட்டை பெரிதாக இருந்திருக்கிறது.

மறுநாள் மத்தியானம் எஸ்தரை நேராகப் பார்வதி அம்மாளிடம் கூட்டிப் போனேன். அந்த அம்மாள் வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதலில் என் கதையைச் சொன்னேன். “அம்மா, பம்பாயில எனக்கு யாரும் இல்ல. அவரு என்னை விட்டுட்டுப் போய் ரொம்ப வருஷமாச்சு.” அவர் கீரையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “தெரியும்டி. இத்தனை வருஷமா ஒரே சட்டையத்தான் காயப் போடுற. அந்த மனுசனுக்கு வேற சட்டையே இல்லியான்னு நாங்க எல்லாரும் பேசிக்குவோம்.” எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. காம்பவுண்டு முழுக்கத் தெரிந்த ரகசியத்தை நான் வாரா வாரம் சோப்புப் போட்டுத் துவைத்திருக்கிறேன்.

“சரி, இவங்க யாரு?” என்றார். எஸ்தரே சொன்னாள், காலனி என்பதையும் சேர்த்து. கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. “பம்புல மத்தவங்க எல்லாம் அடிச்சப்புறம் அடிச்சுக்கறதா இருந்தா யோசிக்கலாம்” என்றார். “யார் முன்னாடி வராங்களோ அவங்க முன்னாடி அடிக்கலாம்மா” என்றாள் எஸ்தர், சண்டைக்குரல் இல்லாமல். பார்வதி அம்மாள் என் பக்கம் திரும்பினார். அவர் சொன்னதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்: “நீ பொய் சொன்னேன்னு தெரிஞ்சும் ஏன் வெச்சிருந்தேன்? பொய்யில ஒரு பயம் இருந்துச்சு. பயப்படறவளுக்கு வீடு குடுக்கலாம். இவ பயப்படவே மாட்டேங்குறாளே, எப்படிடி குடுக்கறது?”

இத்தனை வருஷம் நான் பெண்களுக்குப் பிடித்துக் கொடுத்தது வீடு இல்லை, அவர்களுடைய பயத்துக்குக் கூலியாகக் கிடைத்த இடம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெட்கம் இருந்த இடத்தில் கோபம் வந்தது. “எனக்கும் இனிமே பயம் கிடையாதும்மா” என்றேன். “அவங்களுக்கு இங்க இடம் இல்லன்னா எனக்கும் வேணாம். முதல் தேதி நானும் காலி பண்றேன். இந்த வீட்டுக்கு ஆள் கூட்டிட்டு வர்ற வேலையும் இனிமே எனக்கு வேணாம்.” பார்வதி அம்மாள் மனம் மாறிவிட்டார் என்று நான் கதை விட மாட்டேன். இரண்டு போர்ஷன் காலியாகக் கிடப்பதை நினைத்துப் பார்த்திருப்பார், அவ்வளவுதான். அவர் மனம் மாறட்டும் என்று எஸ்தரின் பெண் காத்திருக்கவும் முடியாது. உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “குடியிருக்கப் போறது அவங்க. அவங்க கையில குடுங்க.” சாவியைப் படியில் வைக்கக் குனிந்தார். எஸ்தர் படியைப் பார்க்கவே இல்லை, உள்ளங்கையை விரித்து நீட்டியபடி நின்றாள். பம்படியில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வதி அம்மாள் பாதி குனிந்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பிறகு நிமிர்ந்து அதை அந்தக் கையில் வைத்தார். நான் எஸ்தரின் தோளைப் பிடித்துக்கொண்டேன். காலி போர்ஷனுக்குள் போனதும் எஸ்தர் என்னைச் சுவரோரம் உட்கார வைத்து, ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் பேசுகிற குரலில் சொன்னாள்: “அவ்ளோதான்க்கா, முடிஞ்சுது. ஊசி குத்துற வரைக்கும்தான் பயம்.”

ஊராருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர் நான், விட்டுப் போனவர் பட வேண்டிய வெட்கத்தை வாடகை வாங்காமல் இத்தனை வருஷம் என் வீட்டில் குடி வைத்திருந்தேன், கடைசியில் அதைத்தான் காலி பண்ணினேன்.